நாலு பக்கத் தமிழ்

பொரளையில், ஒரு பழைய பங்களாவின் மாடியில்
எங்கள் ஆய்வு நிறுவனம்.
அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுநாற்பது பக்கம்.
சிங்களத்தில் இருபது.
தமிழுக்கு நாலு. அந்த நாலும் நான்.

‘கொள்கை’ என்று தட்டும்போது
விரல் ஒரு கணம் தயங்கும்.
அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு.
இங்கே அது மண்ணெண்ணெய் மானியம்:
யாருக்கு, எத்தனை லீற்றர், எந்த மாதம் வரை.

அட்டவணை ஒன்பது மேசைக்கு வந்தது.
சமாளிப்பு உத்திகள். குறியீடு மூன்று:
உணவின் அளவைக் குறைத்தல், முப்பத்தொரு வீதம்.
‘உத்தி’ சரிதானா என்று பார்க்க
படிவக் கட்டை அவிழ்த்தேன்.

முகத்துவாரம், இலக்கம் 0412.
விளிம்பில் பென்சிலால்
கேட்ட தமிழைச் சிங்கள எழுத்தில்
குறித்து வைத்திருந்தாள் நிலூஷி.
எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தேன்:

“சோறு பத்தாட்டி
நான் முன்னமே சாப்பிட்டேன்னு சொல்லுவேன்.
புள்ளைங்க இப்ப நம்புறதில்ல.
வேற பொய் ஒண்ணு தேடணும்.”

முப்பத்தொன்றை நான் பழிக்கவில்லை.
அது இல்லாமல் அமைச்சில்
ஒரு கதிரையும் அசையாது.
ஒரு வீட்டின் பொய்யை வைத்து
வரவுசெலவுத் திட்டம் எழுதவும் முடியாது.
என்றாலும் அந்த நாலு வரியையும்
அடிக்குறிப்பு இரண்டாக இறக்கினேன்,
தமிழில் மட்டும்.

வெளியீடு காலிமுகத்திடல் பக்கம், ஒரு ஹோட்டலில்.
படவில்லை ஏற்றி இறக்கி
எல்லோரும் ‘தாங்குதிறன்’ பற்றிப் பேசினார்கள்.
மிஞ்சிய பற்றிஸை சாரதி திரவியம்
ரிஷுவில் சுற்றினார்.
நான் காணாத மாதிரி நின்றேன்.

“தமிழ் ஏன் நாலரைப் பக்கம்?”
பணிப்பாளர் கேட்டார்.
“எங்கட சொல்லுகள் நீளம், சேர்.”

பத்தொன்பதாம் நாள் தொலைபேசி.
அமைச்சின் மொழிபெயர்ப்புப் பிரிவு. மசூதா என்றாள்.
நாலரைப் பக்கத்தையும் வாசித்த ஒரே ஆள்.
“அடிக்குறிப்பு ரெண்டு. அந்தப் பொம்புளட பேர்
நிவாரண லிஸ்டுல ஈக்கா?”
“பேர் தர ஏலாது. ஆய்வு நெறிமுறை.”
“சரி. தெரு?”

சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் தீரும் வரை
ரிசீவரைக் காதோடு வைத்திருந்தேன்.
மற்றக் கையால்
நெறிமுறைக் கோவையை இழுத்தெடுத்தேன்.
முப்பத்தாறு பக்கம்.
அதற்கு இன்னும்
நான் தமிழ் செய்யவில்லை.