வாடு 0.2-1

கூட்டல் குறிக்கு வேறு வேலை கொடுத்தது
பிப்ரவரியில் ஓர் இரவு.
இந்த அம்பின் நுனியில்
அந்த அம்பின் வாலை ஒட்டு என்றேன்.
லூவா மறுக்கவில்லை.
ஒன்றிலிருந்து எண்ணும் மொழி அது,
வாழைக்குலை எண்ணுகிறவர்களைப் போல.

நூற்றெண்பது வரி. எழுத ஒரு வாரம்.
பொதி கட்ட ஐந்து மாதம்.

தக்கலையில் என் அறைக்குக் கீழே பார்சல் ஆபீஸ்.
வில்பிரட் அங்கே சாக்கின் வாயைத் தைத்து
பெயர், ஊர், எடை எழுதி
கறுப்பு மையில் ஓர் அம்பு போடுவார்:
இந்தப் பக்கம் மேலே.
எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.
பெயர். பதிப்பு. உரிமம்.
எதை நம்பி நிற்கிறது என்று ஒரு கட்டம்.
லூவா ஐந்து புள்ளி ஒன்று, அல்லது அதற்கு மேல்.
வேறொன்றையும் நம்பவில்லை என்று
கொஞ்ச நேரம் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர்தான் கிடைக்கவில்லை.
வெக்டர் போயிருந்தது, வெக் போயிருந்தது,
அம்பைக்கூட யாரோ எடுத்துவிட்டார்கள்.
குளச்சல் லிபின் சொன்னான்:
"வாடுன்னு வை எக்கா,
கடல்ல தண்ணி ஓடுத ஓட்டத்துக்கு நாங்க சொல்லுதது."
கடையாலுமூட்டில் பிறந்தவள் நான்.
வாடுவது எனக்குச் செடியின் வேலை.
ஆனாலும் அந்தப் பெயர் காலியாக இருந்தது.

0.1-1.
கோட்டுக்குப் பின்னால் வரும் எண், கட்டின தடவை.
சரக்கு அதேதான், சாக்கு வேறு.

லிபின் படகுகளில் எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பவன்.
தீப்பெட்டி அளவுப் பலகை ஒன்றில் அதை இறக்கினான்.
பத்து நிமிடத்தில் போன்:
"எக்கா, ஒரு கோப்பு இல்லியே."
பட்டியலில் எழுத மறந்திருக்கிறேன்.
என்னிடம் மட்டும் ஓடியிருக்கிறது,
என் வீட்டில் இருந்ததால்.
0.1-2.

செப்டம்பரில் சிலுவையடிமையின் வள்ளத்தில்
பெட்டி ஏறியது.
வேலை எளிது: இப்போது நிற்கும் இடத்திலிருந்து
முன்பு நின்ற இடத்தைக் கழி.
வந்ததை அதன் நீளத்தால் வகு.
தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்.

மூன்று இரவு சரியாகச் சொன்னது.
நாலாம் இரவு வலை விரித்து, விளக்கணைத்து,
ஓட்டம் செத்துக் கிடந்த நேரத்தில்
பெட்டியில் மூன்று ஆங்கில எழுத்து.
சிலுவையடிமை எழுத்துக்கூட்டி வாசித்தார்:

நான்.

கரையேறியதும் லிபினைப் பிடித்துக் கேட்டாராம்:
"எந்தப் பக்கம்னு கேட்டா
நான்னு சொல்லுது. யாருல அது?"

அதை எனக்குத் தெரியும்.
பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வருவது.
எண் இல்லை என்று சொல்லிக்கொண்டே
எண்களின் வரிசையில் உட்கார்ந்திருப்பது.
உனக்கு நீ சமமா என்றால்
இல்லை என்று சொல்லும் ஒரே மதிப்பு.
கூட்டு, பெருக்கு, எதைத் தொட்டாலும்
தொட்டது நான்.

நாற்பத்தொரு சோதனை எழுதியிருந்தேன்.
அசையாமல் நிற்கிற வள்ளத்துக்கு ஒன்றுகூட இல்லை.

பூஜ்ஜியத்தையே திருப்பிக் கொடுக்கலாம். அது பொய்.
பிழை என்று எறியலாம்.
நடுக்கடலில் பெட்டி அணைந்துபோகும்.
இரண்டு நாள் சமையல் கருகியது.
பிறகு வெறுமையைத் திருப்பினேன்,
கூடவே ஒரு வரி: திசை இல்லை.
சரக்கே மாறியதால்
இந்தத் தடவை கோட்டுக்கு முன்னால் மாற்ற வேண்டியிருந்தது.
0.2-1.

லிபின் புதியதோடு போனான்.
சிலுவையடிமை பெட்டியைக் கொடுக்கவில்லை.
"பழசே கெடக்கட்டும்.
நான்னு வந்தா தண்ணி நின்னுட்டுன்னு அர்த்தம்.
வலைய இழுக்க நேரம் தெரியுது."

பழைய பதிப்பைப் பட்டியலிலிருந்து நீக்க
ஒரு கட்டளை இருக்கிறது.
தட்டினேன். எண்டர் அடிக்கவில்லை.
கீழே லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது,
வில்பிரட் போகட்டும் போகட்டும் என்று கத்தினார்.

இதுவரை இறக்கியவர்கள் ஏழு.
அதில் ஐந்து, நான்.