சாரி கார்டு

நாற்பதைத் தாண்டினால் கறகற.
குறைத்தால், சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி
நிறுத்தி நிறுத்தி ஒரு கடி.
ஆடியில் பாப்பாக்குடி விலக்கில் ஆரம்பித்தது.
பங்குனி வரை கேட்காத மாதிரி ஓட்டினேன்.
ஆயில் மாற்றினேன். பிளக்கைத் துடைத்தேன்.
டேங்க்கில் ரெண்டு தட்டுத் தட்டினேன்,
மாடு என்றால் அதற்காவது புரியும்.

முக்கூடலில் மைதீன் பிச்சை
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.
பக்கத்து டீக்கடை ரேடியோவை
நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.
"டேப்பெட் இல்ல வே. டைமிங் செயின் தளந்துட்டு.
டென்ஷனரும் போச்சு.
இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தா
ஆலங்குளம் ரோட்டுல உருட்டிக்கிட்டுல்லா போவீரு."
ஆயிரத்து எழுநூறு. அதில் நூறு கடன்.
கடன் வசூலிக்கிறவன் கடன் சொன்னதற்கு
அவர் சிரிக்கவில்லை,
நோட்டில் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது வண்டி
எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.

மறுநாள் செவ்வாய், தவணை நாள்.
பீடித் தெருவில் மூன்றாவது வீடு.
பிரமசக்தி மடியில் சொளவு,
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்,
யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு வருடமாகக் கையெழுத்து வாங்குகிறேன்,
அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.
என்னைக் கண்டதும்
தூள் வைத்த இலை சுருட்டாமல் நின்றது.
"எப்பம் வந்திய?"

உள்ளேயிருந்து பையன் ஓடிவந்தான்,
பித்தான் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி.
என் தோள்பையைப் பார்த்தான்.
தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையிலேயே
மனப்பாடம் பிசகாமல் சொன்னான்:
"அம்மா சுரண்டைக்குப் போயிருக்கா.
ராத்திரிதான் வருவா."

எதிர்வீட்டு ஆவுடையம்மாள்
கதவைச் சாத்தவும் முடியாமல் விடவும் முடியாமல்
பிடித்தபடி நின்றாள்.
எட்டு மாதமாக அந்தக் கறகறதான்
எனக்கு முன்னால் தெருவுக்குள் போய்
வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறது.

அவளிடம் முந்நூறு இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.
வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.

சாயங்காலம் மைதீன் கடைக்குப் போகவில்லை.
சத்தம் வேணும் என்று
எந்த மெக்கானிக்கிடம் கேட்பது?
பத்தாம் நம்பர் ஸ்பேனர் வீட்டில் கிடந்தது.
சாரி கார்டின் கீழ்நட்டை
ரெண்டு சுற்றுத் தளர்த்தி உலுக்கிப் பார்த்தேன்.
கம்பி பேசியது. பழைய பேச்சு இல்லை,
கொஞ்சம் கீச்சுக் குரல்.
பழகிக்கொள்வார்கள்.

அடுத்த செவ்வாய்
முக்குத் திரும்பும் முன்னே மூன்று தாழ்ப்பாள்.
நாலாவது மட்டும் விழவில்லை.
அது விழுகிறவரைக்கும்
வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி,
ஸ்டாண்டு சரியாக நிற்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.