காத்திருக்கவும்

கைப்பேசியைத் துணிப்பையில் போட்டுக் கட்டி
எண் எழுதிய சீட்டொன்று தந்தார்கள். எனக்குப் பதினேழு.
சாம்பல் நிறக் கால்சட்டை;
எனக்கு முன்னே யாரோ விழுந்து வணங்கி வணங்கி
முழங்காலில் வெளுத்திருந்தது.
ஏழு நாள். பேச்சு கிடையாது.

தேபெக் மலையில் ஜனவரி.
விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர்
மரக்கட்டையைத் தட்டியபடி முற்றத்தைச் சுற்றுகிறார்,
முதலில், யாரையும் எழுப்ப மனமில்லாதவர் போல,
பிறகு, வேறு வழியில்லை என்று முடிவெடுத்தவர் போல.

ஹேஉன் சுனிம் சொன்னார்:
மூச்சை எண்ணுங்கள். பத்துவரை.
தவறினால் மறுபடி ஒன்று. அவ்வளவுதான்.
அவருக்கே சளி. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இருமுகிறார்.

ஒன்று.
இரண்டு.
மூன்றில் ஒரு சலவை இயந்திரம் கசிகிறது.

இஞ்சானில், ஒன்பதாம் மாடியில், நாற்பது தடுப்புகளில் ஒன்றில்
ஆறு வருடமாக என் இடது காதுக்குள்
ஊரே கோபப்பட்டது.
"உன் மேலாளரைக் கூப்பிடு."
"நீயெல்லாம் மனுஷியா?"
குளிர்பெட்டி நின்றுபோய்,
செத்துப்போன மனைவி கடைசியாகப் போட்டுவைத்த கிம்ச்சி
புளித்துப் பொங்கிவிட்டது என்று அழுத கிழவர்.
அவரிடம் நான் சொன்னது:
உங்கள் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, ஐயா.

மறுபடி ஒன்று.

சாப்பிட்டதும் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி
ஒரு துண்டு ஊறிய முள்ளங்கியால் துடைத்து
அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும்.
பக்கத்தில் உட்காருபவர் கப்பல் பட்டறை வெல்டர்,
சட்டையில் 'பாங்' என்று அட்டை.
தினமும் கண்ணை இறுக்கி மூடிக் குடிக்கிறார்,
கசப்பு மருந்துக்குப் பிடிபட்ட பிள்ளை போல.
நாலு நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது அங்கே மட்டும்தான்.

நாலாம் இரவு கொதிகலன் நின்றது.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினாறு.
தரையின் சூடு பாயிலிருந்து ஒழுகி வெளியேறியது.
போர்வையோடு எல்லோரும் சமையற்கட்டில்.
சமையல்கார மெக்சுன் அம்மாள் அடுப்பைத் திட்ட,
சுனிம் தன் பழைய கைப்பேசியில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி
எல்லோருக்கும் கேட்கும்படி
சோயா ஜாடி மூடிமேல் வைத்தார்.

"வணக்கம், அன்பான வாடிக்கையாளரே.
எங்கள் ஊழியர்கள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்.
தயவுசெய்து காத்திருக்கவும்."

என் குரல்.
நான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
இருபத்தாறு முறை பேசவைத்தார்கள்.
இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம், என்று.

சுனிம் அங்கேயே சம்மணமிட்டுக் கண்ணை மூடினார்.
பாங் மூடினார். மெக்சுன் அம்மாள் மூடவில்லை,
ஆனால் திட்டுவதை நிறுத்தினாள்.
யாருக்கும் தெரியவில்லை;
நாலு நாளாக நான்தான் வாயே திறக்கவில்லையே.
காத்திருக்கவும், என்கிறேன். காத்திருக்கிறார்கள்.
எண்ணிப் பார்த்தேன்:
இரண்டு "காத்திருக்கவும்"களுக்கு நடுவே
சரியாக ஒன்பது மூச்சு.
பத்தாவதற்குள் நான் வந்துவிடுகிறேன்.

நாற்பது நிமிடம் கழித்து நிஜமாகவே ஒரு பெண்.
இரவுப் பணியின் வறண்ட தொண்டை.
கொதிகலனைப் பற்றிப் பேசுமுன் சுனிம் கேட்டார்:
"சாப்பிட்டீர்களா, அம்மா?"

மறுமுனையில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லை எனக்குத் தெரியும்.
எங்கள் கையேட்டில் அதற்குப் பதில் அச்சடிக்கவில்லை.

பிறகு அவள், மெல்ல:
"திரையில் என்ன பிழை எண் தெரிகிறது?"
சுனிம் இருமினார். யாரும் போய்ப் பார்க்கவில்லை.
வரும் வழியில் நான் பார்த்திருந்தேன்.

"மூன்று," என்றேன். "நீர் அழுத்தம் குறைவு.
இடப்பக்கக் குழாயைக் கால் திருப்பு திறந்தால் போதும்."

பாங் கண்ணைத் திறந்தார்.
சமையற்கட்டு மொத்தமும்
முதலில் ஜாடி மூடியைப் பார்த்தது,
அப்புறம் என்னை.