பக்கத்து வீட்டுப் பையன்

எழும்பூர் கமிஷனர் ஆபீசிலிருந்து
நாடகப் பிரதி திரும்பி வந்தபோது
பங்குனி வெயிலில் சிவப்பு மை இளகி
என் கட்டைவிரலில் ஒட்டியது.
எழுபத்தாறாம் வருஷம்.
பேப்பர்காரன்கூட மடித்த தாளை
இன்னொரு மடி மடித்துப் போட்ட காலம்.

தும்மலுக்குத் தடை போட்ட ராஜாவின் கதை.
அரிசி போயிருந்தது. க்யூ போயிருந்தது.
தும்மலை மட்டும், ஆச்சரியம், தொடவே இல்லை.
மகன் என்ற சொல்லைத்தான்
முப்பத்தோரு இடத்தில் அடித்திருந்தார்கள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே எல்லோருக்கும் புரிந்தது.

மகன் இல்லாமல் ராஜமாதா எப்படி?
வத்சலகுமாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்:
"பக்கத்து வீட்டுப் பையன்னு மாத்திடு."

வால்டாக்ஸ் ரோட்டில் கொட்டகை.
கால்வாய் நாற்றம், சென்ட்ரல் பக்கம் எஞ்சின் ஊதல்.
நான் பிராம்ப்டர். தட்டி மறைவில்
ஒரு முக்காலி, ஒரு டார்ச்.
முன்வரிசையில் இன்னொரு டார்ச்:
எஸ்.ஐ. ஏகாம்பரம், மடியில் முத்திரை குத்திய பிரதி,
வரிக்கு வரி பென்சிலால் ஒரு டிக்.
என் உதடும் அவர் உதடும்
ஒரே நேரத்தில் அசைந்தன.

"பத்து மாசம் சுமந்து பெத்தேனே
இந்தப் பக்கத்து வீட்டுப் பையனை!"
ராஜமாதா மார்பில் அடித்துக்கொண்டாள்.
தகரக் கூரை அதிர்ந்தது.
சோடாக் கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.
"அடுத்த பட்டம் யாருக்குத் தாயே?"
"வேற யாருக்கு? பக்கத்து வீட்டுப் பையனுக்கு!"
மூன்றாம் நாள், அவள் வாய் திறக்குமுன்
கூட்டமே சொல்லிவிட்டது.
ஏகாம்பரம் சிரிக்கவில்லை.
பென்சில் குலுங்கியது. நான் பார்த்தேன்.

மறுவாரம் புது உத்தரவு:
இசையையும் எழுதி அனுப்பவும், மூன்று பிரதி.
லூர்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து
ஆர்மோனியத்தைத் தாளில் இறக்கினார்.
திரும்பி வந்ததில் ம எல்லாம் அடி.
ம என்றால் மகனாக இருக்கலாமாம்.
லூர்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"மோகனத்துல ம கிடையாது.
அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் மோகனம்."
சாவுக்கும் மோகனம், சண்டைக்கும் மோகனம்,
தும்மினவனைத் தூக்கில் போடவும் மோகனம்.

இதுவரை சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
பெரும்பாலும் நானும் இத்தோடு நிறுத்திவிடுவேன்.

சூளையில் வத்சலாவின் வீடு.
ஆட்டம் முடிந்து, ராத்திரி ஒன்றரைக்கு,
உப்புமாச் சட்டியைச் சுற்றி நாங்கள்.
இரண்டு மாதம் எங்கிருந்தானோ, அவள் மகன் நன்மாறன்
அன்றைக்குத்தான் வந்திருந்தான்.
விரலிடுக்கில் அச்சு மை.
தெருவில் வேன் நிற்கும் சத்தம்.
கிரீடப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு
எங்களில் ஒருவன் மாதிரி எழுந்து நின்றான்.

வாசலில் ஏகாம்பரம். பின்னால் நாலு பேர்.
"இது யாரு?"

பதினேழு வருஷமாக
மறந்த வாய்க்கெல்லாம் வரி எடுத்துக் கொடுத்தவன் நான்.
அந்த நிமிஷம் என் நாக்கு
உப்புமாவோடு ஒட்டிக் கிடந்தது.

பாதி கலைத்த அரிதாரத்தோடு அவள் திரும்பினாள்.
மார்பில் அடிக்காமல், குரலை ஏற்றாமல்,
"பக்கத்து வீட்டுப் பையன்" என்றாள்.

ஏகாம்பரத்தின் கை சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது.
உதடு லேசாக அசைந்தது.
அந்த வரி அவருக்கும் மனப்பாடம்.
"அனுமதி வாங்கின வசனம்தான்"
என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப்
படி இறங்கினார்.

நன்மாறன் பெட்டியோடு அப்படியே நின்றான்.
வத்சலா அவன் பக்கம் திரும்பவில்லை.
"ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள் எங்களிடம்.
அப்போது பார்த்து லூர்து தும்மினார்.
எல்லோரும் வாசலைப் பார்த்தோம்.