நூற்றிருபது நாள் பத்தி

வடக்கு டகோட்டாவில் பனி மேலிருந்து விழுவதில்லை.
பக்கவாட்டில் வருகிறது,
முகவரி கேட்டு வந்ததுபோல்.
நெடுஞ்சாலை ஓரம் இரண்டறை மருத்துவமனை.
டாக்டர் ரெக்ஸ்டாட் நாடி பார்ப்பார்,
தொண்டை பார்ப்பார்,
எந்தப் பசு கன்று ஈன்றது என்றும் கேட்பார்.
காசு மட்டும் கேட்கமாட்டார்.
அதைக் கேட்கத்தான் பின்னறையில் நான்.

நான் சேர்ந்த ஜனவரியில் பாக்கி வரிசைகட்டி நின்றது:
முப்பது நாள், அறுபது, தொண்ணூறு.
கடைசிப் பத்தி நூற்றிருபதுக்கு மேல்.
உறைந்த ஏரிக்கு அடியில் போன கையுறை அது;
கிடக்கும் இடம் தெரியும்,
கை எட்டாது.

எனக்கு முன் இருந்த க்ளாரிஸ்
ஓர் அட்டைப்பெட்டியை விட்டுப் போயிருந்தாள்.
காப்பீட்டுக் கம்பெனி உறைகள், பாதி பிரிக்காமல்,
ரப்பர் வளையம் போட்டு.
'மறுக்கப்பட்டது' என்பதை
கடைசிச் சொல்லென்று நினைத்துவிட்டாள் பாவம்.
அவர்களுக்கு அது
பேச்சைத் தொடங்கும் சொல்.

முகப்பில் இருக்கும் வெர்லாவிடம் சொன்னேன்:
ஒவ்வொரு முறையும் அட்டையை வாங்கிப் பார்.
'ஏதாவது கட்டுகிறீர்களா' என்று இழுக்காதே.
'இன்றைக்கு இருபத்தைந்து டாலர், காசோலையா, ரொக்கமா?'
அவ்வளவுதான்.
"தேவாலயத்தில் எனக்கு முன்வரிசைக்காரர்கள் அவர்கள்" என்றாள்.
"அப்படியானால் முதுகைப் பார்த்துக் கேள்."
அவள் சிரிக்கவில்லை.
ஆனால் வெள்ளிக்கிழமை மேசை இழுப்பறை கனத்தது.

ஆர்லோ ட்வெட்டன்.
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட்.
மூன்று கடிதம் போயிருக்கிறது,
மூன்றாவது சிவப்பு எழுத்தில்.
நான்காவதை வசூல் கம்பெனிக்கு எழுத
நான்தான் உட்கார்ந்தேன்.
இணைப்புக்காகக் கோப்பைத் திறந்தால்
அட்டையில் பிறந்த ஆண்டு ஐம்பத்தொன்று,
எங்கள் கணினியில் ஐம்பத்தேழு.
யாரோ அவசரத்தில் எழுதிய ஒன்று
தொப்பி போட்டுக்கொண்டு ஏழாகிவிட்டது.
அப்படியொரு மனிதர் இல்லை என்று கம்பெனி சொன்னது
உண்மைதான்.
இல்லாதவர் பெயரில்
இருப்பவரை மிரட்டிக்கொண்டிருந்தோம்.

மறுபடி அனுப்பக் கெடு இன்னும் ஒன்பது நாள்.
அனுப்பினேன்.
பதினேழாம் நாள் பணம் வந்தது.
அவர் பங்கு பதினாறு டாலர் எண்பது சென்ட் மட்டும்.

தொலைபேசியில் சொன்னபோது
அந்தப் பக்கம் டிராக்டர் நின்றது,
மூச்சு கேட்டது.
"மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு
தானியக் கிடங்கைச் சுற்றிக்கொண்டுதான் ஊருக்குள் வருகிறேன்.
நாலு மைல் கூடுதல்.
உங்கள் வாசலைத் தாண்ட முடியவில்லை."

"ரத்த அழுத்த மாத்திரை?"

"ஆகஸ்டில் தீர்ந்தது."

வெளியே நவம்பர்.
என் அட்டவணையில் இதற்குப் பத்தி இல்லை.
கிடையாது என்று தெரிந்தும்
மேலும் கீழும் தேடினேன்.
பிறகு வியாழன் ஒன்பதேகால் என்று குறித்துக்கொடுத்தேன்.

வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
பதினாறு டாலர் எண்பது சென்ட்டை
சில்லறையோடு எண்ணி வைத்தார்.
ரசீது கேட்டார்,
கண்ணருகே பிடித்துப் படித்தார்.
"ஆறு வருஷம் இளமையாக இருந்திருக்கிறேன்.
சொல்லாமலே விட்டுவிட்டீர்களே."

உள்ளே பட்டை இறுகும் ஒலி.
நூற்று எழுபத்தெட்டு என்றார் டாக்டர்,
குரலைத் தாழ்த்தி.
பில்லில் போடும் எண்ணில்லை அது.

மாதக் கடைசியில் வசூல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
டாக்டர் என் மேசையில் ஒரு டோனட் வைத்துவிட்டு
எதுவும் பேசாமல் போனார்.
நான் இப்போதெல்லாம் ஒன்றை
வெறும் குச்சியாகத்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் மிச்சம் நாற்பத்து மூன்று உறைகள்.
ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது;
தொட்டதும் அறுந்தது.