ஊசிகள் முதலில் வந்தன

முதலில் ஊசிகள்தான் வந்தன.
ஊட்டியில், ஒரு பழைய சாமான் கடையில்,
மூக்குப்பொடி டப்பா என்று நினைத்து எடுத்தது.
குலுக்கினேன். உள்ளே மழை.
இருநூறு ஊசி, ஒன்றிலும் துரு இல்லை.

அப்புறம் தட்டுகள். நாற்பத்து மூன்று.
துண்டில் சுற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால்
நிற்கவைத்திருந்தேன். படுத்தால் வளைந்துவிடும்.
துணி இல்லாத தையல்காரர், என்பாள் பிலோமி,
வருகிறவர்களிடம் என்னை அறிமுகம் செய்யும்போது.

பெட்டி இருந்தது கோத்தகிரியில்,
ஹாலா கவுடரின் விதைக்கடையில்,
முள்ளங்கி விதை மூட்டைக்கு அடியில்.
பச்சைப் புனல் தனியே ஆணியில்,
அதற்குள் ரசீதுகள்.
குன்னூர் தபாலாபீசில் பார்சல் நிறுக்கிறவன் நான்.
பார்த்ததுமே கண் சொன்னது:
பதினாலு கிலோ, புனல் நீங்கலாக.

பத்தொன்பது வருஷம்.
ஒரு வருஷம், மகன் கேட்பான் என்றார்.
ஒரு வருஷம் கேரட் விலை ஏறியிருந்தது, விற்க அவசியமில்லை.
அடுத்த வருஷம் இறங்கியிருந்தது,
இந்த நேரத்தில் கடைச் சாமான் வெளியே போகக்கூடாது.
ஒரு வருஷம் ஒன்றுமே சொல்லவில்லை,
டீ வாங்கிக் கொடுத்தார்.
போகும்போதெல்லாம் பீட்ரூட் விதை வாங்கினேன்.
எங்கள் வீட்டில் மண்ணே கிடையாது,
மூன்று தொட்டி, அதில் ஒன்றில் பூனை.

போன செவ்வாய்க்கிழமை போன்.
எலெக்ட்ரானிக் தராசு வாங்கியிருக்கேன்,
வைக்க இடமில்லை, வந்து எடுத்துக்கோ.

சட்டைக்குள் கவரில் நாற்பதாயிரம்.
ஆயிரம் கொடு, என்றார்.
எனக்குச் சுருக்கென்றது.
ஐயாயிரம், என்றேன்.
எதுக்கு? ஆயிரத்தைநூறு.
நாலாயிரம்.
கடையில் நின்ற இரண்டு பேர்
யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று
மாறி மாறிப் பார்த்தார்கள்.
இரண்டாயிரத்து எழுநூறில் கவுடர்
தலையில் அடித்துக்கொண்டார்.
பீட்ரூட் விதை ஒரு பாக்கெட் இனாம்.

பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
புனலை மடியில் வைத்துக்கொண்டேன்.
கட்டபெட்டில் ஏறிய மூடுபனி
ஜன்னல் வழியாக நேரே அதற்குள் போய் உட்கார்ந்தது.

ஓட்டுப்பட்டறைப் படிகள் எழுபத்தொன்று.
முப்பதாவதில் தெரிந்தது, இது பதினாலு இல்லை.
பதினாறரை.

தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு.
சாவி கொடுத்தேன்.
பிலோமி சீரியலை நிறுத்தினாள்.
அவள் இதுவரை எனக்குச் செய்த மரியாதைகளில் அது பெரியது.
எந்தத் தட்டு என்பதில் குழப்பமில்லை:
லேபிளைப் பூச்சி தின்றுவிட்ட ஒன்று,
பேர் இல்லாதது.
ஒரு பெண்குரல் என்று வைத்திருந்தேன் இத்தனை நாள்.
ராகம்கூட முடிவு செய்திருந்தேன், காம்போதி.

கரகரப்பு.
யாரோ ஓர் ஆள் தொண்டையைச் செருமினான்.
பிறகு காக்கா.
ஆடு. ஆட்டுக்குட்டி.
மேட்டில் திணறி, நின்று, பின்வாங்கி
மறுபடி ஏறும் ரயில்.

காம்போதி! என்று பிலோமி
தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

அடுத்தது நாய்.
கீழ்வீட்டு வின்சென்டின் டைகர் எழுந்து பதில் சொன்னது.
தட்டு அதட்டியது.
டைகர் விடவில்லை.
எந்த ஊர் ஆளோ, எந்தத் தெருநாயிடம் கற்றுக்கொண்டானோ,
இரண்டும் மண்ணாகி எத்தனை காலமோ,
சண்டை இப்போதுதான் சூடுபிடிக்கிறது.
ஸ்பிரிங் தளர்ந்து
நாய் மெதுவாக எருமையானது.
டைகர் குழம்பி நிறுத்தியது.

ஊசியைக் கழற்றினேன். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசிதான்.
டப்பாவில் இனி நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மணி பத்து சார், என்று கீழேயிருந்து வின்சென்ட்.

பிலோமி எழுந்து போய்
தொட்டியிலிருந்த பூனையைத் தூக்கி வந்து
கதவைச் சாத்தினாள்.
ம், திருப்பிப் போடுங்க, என்றாள்.