முழுப்பேர்

சுங்கை கெலுவாங்கில் தெரு ஒன்றுதான்.
அடகுக்கடை, ஆ சூன் காப்பிக்கடை, கள்ளுக்கடை,
முடிகிற இடத்தில் போலீஸ் நிலையம்.
அங்கேதான் ஐந்து பேரையும் கிடத்தியிருந்தார்கள்,
லாரியின் பின்பலகையைக் கழற்றிப் போட்டு.
கால்கள் தெருப்பக்கம்.

ஒன்பதாம் தீம்பாருக்கு அப்பால், ஆற்று வளைவில்
அரிசி வரும் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.
அரிசி வரவில்லை.
கூர்க்காக்கள் வந்தார்கள்.
கெலுவாங் பிரிவு இனி இல்லை என்று
மூன்று மொழியில் நோட்டீஸ்;
தமிழில் மட்டும் 'இல்லை'க்கு ஒற்றை ல.
எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது.
கிராணி புத்தி.

நாலு சீனர்கள், அதில் ஒருத்தி பெண்,
கிராப்பு வெட்டிய தலை, சட்டைப்பையில் சீப்பு.
ஐந்தாவது அங்கப்பன்.
நாற்பத்தேழில் கூலி உயர்வு கேட்டு
என் ஆபீஸ் சன்னல்வழி மனு நீட்டியவன்.
இடது காலில் ஆறு விரல்.

அன்றைக்குப் பெரட்டை
போலீஸ் வாசலுக்கு மாற்றினார் துரை.
இருட்டு விலகுமுன்னே
இருநூற்று நாற்பது பேர், கையில் கத்தியும் வாளியும்,
வரிசையாக அந்தக் கால்களைக் கடந்து போகவேண்டும்.
காப்பிக்கடை அஞ்சடியில் இரண்டு பேர் நோட்டோடு,
எவள் அழுகிறாள் என்று பார்க்க.

"உன் ரோல்ல இருந்தவன் எவன் கிராணி?"
"தெரியாதுங்க."
மூன்று வருஷம், காலை ஐந்தரைக்கு
நான் கூப்பிட்டு 'இருக்கேன்' வாங்கிய பெயர் அது.
தண்டல் தெரியாது என்றான்.
மண்டோர் தெரியாது என்றான்.
ஆயாக்கொட்டகைக்குப் போகிற பிள்ளையொன்று
"அந்தக் காலுக்கு ஆறு..." என்றது.
தாய் வாயைப் பொத்தினாள்.
வீரம் என்று யாரும் எழுதிவைக்கவேண்டாம்.
பயம்தான்.
ஆனால் ஒரே அளவான பயம்.

பவளாயி வந்தாள்.
தோளில் காண்டா, இரண்டு பக்கமும் வெறும் வாளி.
நடை மாறவில்லை.
வாளி ஒன்று ஆடக்கூட இல்லை.

பதினொரு மணிக்கு ஸ்டோரில் பால் நிறுவை.
அவள் வாளியில் பால் கட்டிக் கிடந்தது,
வெண்கட்டியாக, அசைத்தால் குலுங்கியது.
எந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாளோ.
கெட்ட பாலுக்கு அரைப்பேர்தான், சட்டம் அது.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் தராசைப் பார்த்தாள்.
முழுப்பேர் போட்டேன்.

பேனாவை மூடியிருக்கலாம்.
மூடாமல், கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்:
அங்கப்பன். முழுப்பேர்.
ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை.
பெரட்டுக்கு வந்திருந்தானே.

மாதக் கடைசியில் துரை விரலை வைத்தார்.
"யார் இது?"
"புது ஆள் துரை. ஒரு நாள் செஞ்சான்.
ஓடிட்டான்."
துரை சிரித்தார்,
சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.
ஒரு நாள் கூலி பெட்டிக்குத் திரும்பியது.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது
அந்த ரோல் புத்தகம் என் கைக்கு வந்தது.
அந்தக் காலத்து நீல மை நிற்காது.
பக்கம் முழுக்க வெளுத்துப்போய்
யார் பெயரும் இல்லை.
கீழே
அந்தச் சிவப்புக் கோடு மட்டும்
எதையோ அடித்துக்கொண்டு கிடக்கிறது.